நாற்காலி வேண்டாம், அரிவாள்மனை போதும்

இருபது பேருக்கு ராத்திரிச் சாப்பாடு. என் பங்குக்கு வந்தது உருளைக்கிழங்கு. மேசைமேல் ஒரு மரப்பலகை, சுண்டுவிரலைவிடக் கொஞ்சமே நீளமான ஒரு கத்தி. பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் காய் நறுக்குவது தரையில்தான். அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் கத்தி அசையாது, காய்தான் கத்தியிடம் போகும். தெற்கு பிரான்சின் அந்த மலைக்கிராமத்துச் சமையலறையில் எல்லாம் மாறியிருந்தது. காய் சும்மா இருந்தது. கத்தி போய்வர வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் நான் உரித்தது மூன்று கிழங்கு.

எதிரில் உட்கார்ந்திருந்த போலந்துப் பெண் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் என் கட்டைவிரலைப் பிடித்துக் கிழங்கின்மேல் வைத்தார். கத்தியை நம் பக்கமாக இழுக்க வேண்டும். கட்டைவிரல் எதிரே நின்று அதைத் தாங்க வேண்டும். இரண்டு கிழங்கை என் கையைப் பிடித்தபடியே உரித்தார். மூன்றாவதை நானே உரித்தேன். தோல் ஒரே சுருளாக விழுந்தபோது இருவரும் சிரித்தோம்.

நான் அங்கே போய் அது நான்காம் நாள். அதுவரை எனக்கு அங்கே ஒரு சிநேகிதி இல்லை. முதல் நாள் மாலை எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பெயர், ஊர், பிடித்த நிறம் கேட்டார்கள். இரண்டாம் நாள் ஏதோ விளையாட்டு. அதிலெல்லாம் ஒட்டாத மனசு, ஒரு கிழங்குத் தோலில் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பி நான்கு வருடம் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாங்கள் பேசிக்கொள்கிறோம். தனியாகத் தேசம் கடந்து தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு நண்பர்கள் எப்படிக் கிடைக்கிறார்கள் என்று யார் கேட்டாலும் அந்தக் கத்திதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

மூட்டின்மேல் மூட்டு வரக்கூடாது

இடிந்துபோன படிக்கட்டு வயல் சுவர்களைத் திரும்பக் கட்டும் மூன்று வார முகாம் அது. சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, மண்சாந்துகூட இல்லை. கல்லின்மேல் கல், அவ்வளவுதான். சாந்தில்லாமல் கல் கட்டும் இந்தக் கலையை பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பேரில் 2018இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

கற்றுக்கொடுத்த கொத்தனாருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. இரண்டு கல் சேரும் மூட்டின்மேல் மூன்றாவது கல்லின் நடுப்பகுதி வந்து உட்கார வேண்டும். மூட்டின்மேல் மூட்டு வந்தால் அங்கேதான் சுவர் பிளக்கும். முகக்கல்லுக்குப் பின்னால் சில்லுப் போட்டு இறுக்க வேண்டும். சோம்பல்பட்டு மண்ணைக் கொட்டி நிரப்பினால் மழையில் அது ஊதிச் சுவரை வெளியே தள்ளிவிடும். இவ்வளவையும் அவர் கையால்தான் சொன்னார். எங்கள் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளிலும் மல்லாட்டை விதைக்கும் முன் கல் பொறுக்கி வரப்போரம் அடுக்குவார்கள். சின்ன வயதில் ஆயாவோடு நானும் பொறுக்கியிருக்கிறேன். ஒரு கல்லை நான் திருப்பிப் பார்த்து, முகத்தை வெளியே வைத்து உட்காரவைத்ததைப் பார்த்த கொத்தனார், தன் இடுப்பிலிருந்த சுத்தியலை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் இருந்தது.

இந்த மாதிரி முகாம்களின் பிறப்பே கல்லும் மண்ணும் சுமப்பதில்தான். முதல் உலகப் போர் முடிந்ததும், 1920இல், வெர்டன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் தரைமட்டமாகிக் கிடந்த எஸ்ன் கிராமத்தைச் சீராக்க சுவிட்சர்லாந்துக்காரரான பியர் செரசோல் ஒரு சிறு குழுவைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். சண்டை போட்ட நாட்டுக்காரர்கள் ஒரே மண்வெட்டியைக் கைமாற்றிக்கொண்டால் மறுபடி சண்டை வராது என்பது அவருடைய நம்பிக்கை. 1934 ஜனவரி 15 பூகம்பத்தில் பீகார் நொறுங்கியபோது அதே செரசோல் இந்தியாவுக்கும் வந்து கிராமங்களை மறுபடி எழுப்பும் வேலையில் இறங்கினார். பேசிப் பேசி நண்பராவது ஒரு வழி. சேர்ந்து சுமந்து நண்பராவது இன்னொரு வழி. மொழி தெரியாத ஊரில் இரண்டாவது வழிதான் கைகொடுக்கும்.

எது வெளிநாடு?

எங்கள் பக்கம் 'சமுத்திரம்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் கடலைச் சொல்வதில்லை, ஏரியைச் சொல்கின்றன. கடலைப் பார்க்காமலேயே சமுத்திரத்துக்காரர்களாக வாழ்ந்து முடித்தவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்மார். ஆனால் எல்லை தாண்டுவது எங்களுக்குப் புதிதில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து 1911 ஏப்ரலில் எங்கள் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சத்தியவேடு பக்கம் ஆந்திரத்துக்குப் போனது. ராத்திரி ஒரு மாநிலத்தில் படுத்துக் காலையில் இன்னொரு மாநிலத்தில் எழுந்த ஊர்கள் இவை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இரண்டிலும் கொஞ்சம் வெளியாளாக இருக்கப் பழகியதுதான் எனக்கு வெளிநாட்டில் உதவியது என்று நினைக்கிறேன்.

எங்களிடமிருந்து யாராவது வெளியே போவதற்கு வெகுகாலம் முன்பே வெளியிலிருந்து இந்தக் காய்ந்த பூமிக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மார்கரெட் கசின்ஸ்.

அயர்லாந்தின் பாயில் என்ற சிற்றூரில் 1878இல் பிறந்தவர். இசைப் பட்டதாரி. 1908இல் தோழியரோடு சேர்ந்து அயர்லாந்துப் பெண்களின் வாக்குரிமைக்குச் சங்கம் அமைத்தார், அதற்காக இரண்டு தடவை சிறைக்குப் போனார். 1915இல் கவிஞரான கணவர் ஜேம்ஸ் கசின்ஸுடன் சென்னை வந்து இறங்கினார். அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா'வில் ஜேம்ஸுக்கு வேலை. மறுவருடம் அயர்லாந்தில் நடந்த ஈஸ்டர் எழுச்சியைப் புகழ்ந்து எழுதியதால் அந்த வேலை போனது. அப்படித்தான் இருவரும் அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு, அங்குள்ள தியாசபிகல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

1919 பிப்ரவரி. ஓய்வுக்காக அந்தக் கல்லூரியில் வந்து தங்கியிருந்த ரவீந்திரநாத் தாகூர், மாணவர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் ஒரு வங்கப் பாட்டைப் பாடினார். பல்லவியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். பிப்ரவரி 28ஆம் தேதியிட்டு அந்தப் பாட்டின் ஆங்கில வடிவத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். மார்கரெட் மெட்டைக் கேட்டு மேல்நாட்டு முறையில் ஸ்வரக்குறிப்பு எழுதினார். அந்தப் பாட்டு ஜன கண மன. அது தேசிய கீதமாக ஏற்கப்பட்டது 1950இல். பள்ளியில் நாம் நிமிர்ந்து நின்று பாடும் பாட்டின் ஸ்வரங்களைத் தாளில் இறக்கிய கைகளில் ஒன்று, கடல் கடந்து மதனப்பள்ளிக்கு வந்தவருடையது.

தனக்குத் தெரிந்த இசையைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இங்கே இருப்பதைக் காதுகொடுத்துக் கேட்டவர் மார்கரெட். அதனால்தான் அவருக்குச் சிநேகங்கள் வாய்த்தன. மதனப்பள்ளியில் பெண்கள் கூடும் ஒரு சிறு சங்கத்தில் தொடங்கிய பழக்கம், 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கமாக உருவெடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டதற்குப் பின்னால் ஓடியாடி வேலை செய்தவர் அவர்தான். மங்களூரைச் சேர்ந்த கமலாதேவி சட்டோபாத்யாய 1926இல் சென்னைச் சட்டசபைக்குப் போட்டியிட்டார். இந்தியாவில் சட்டசபைத் தேர்தலில் நின்ற முதல் பெண்களில் ஒருவர் அவர். நிற்கச் சொல்லித் தூண்டியதும் கூடவே அலைந்ததும் மார்கரெட். சிறிய வித்தியாசத்தில் கமலாதேவி தோற்றார். அடுத்த ஜனவரியில் பூனாவில் அகில இந்தியப் பெண்கள் மாநாடு பிறந்தபோது அதன் அமைப்புச் செயலாளராகப் பொறுப்பேற்றவரும் அதே கமலாதேவிதான். தோல்வியில் கலையாத சிநேகம் அது.

1932 டிசம்பரில் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக மார்கரெட்டுக்கு ஓராண்டுச் சிறை. அடைக்கப்பட்ட இடம் எங்களுக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் உள்ள வேலூர். அயர்லாந்துக்காரிக்கு இந்தியாவின் விடுதலை என்ன அவசரம் என்று கேட்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பதில் தேவையில்லை.

மார்கரெட்டுக்கு வீட்டில் கணவர் துணை இருந்தது. அந்தத் துணையும் இல்லாமல் வந்தவர் மார்ஜோரி சைக்ஸ். இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் பகுதியில் வளர்ந்த பெண். 1928இல், 23 வயதில், சென்னை வேப்பேரியின் பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். வந்ததும் தமிழ் படித்தார். பிறகு சாந்திநிகேதன் போனார், வங்க மொழி படித்துத் தாகூரை மொழிபெயர்த்தார். சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பணியிலும் இருந்தார், நீலகிரியில் கோத்தகிரியிலும் நெடுநாள் வாழ்ந்தார். போன இடத்தில் முதல் வேலையாக அந்த ஊர் மொழியைக் கற்பதென்றால், அந்த ஊரில் ஒவ்வொருவரும் நமக்கு வாத்தியார் என்று ஒப்புக்கொள்வது. கடைக்காரர் திருத்துவார், குழந்தைகள் சிரித்துக்கொண்டே சொல்லித்தருவார்கள். உதவ வந்தவர் உதவி வாங்குகிறவராக மாறும் இடம் அதுதான்.

நாற்காலி போட்டு உட்காரவைக்கும்போது

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காட்சியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து தொண்டுக்கு வந்த ஒரு பையனோ பெண்ணோ ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். யாரோ ஓடிப்போய் இளநீர் வெட்டிக்கொண்டு வருவார்கள். குழந்தைகள் சுற்றி நிற்பார்கள். அன்பில் குறையே இல்லை. ஆனால் பத்து நாள் ஆனாலும் அந்த நாற்காலியிலிருந்து அவரை இறங்கவிட மாட்டார்கள். கூடத்தில் பூத் தொடுக்கும் பெண்களோடு உட்காரப் போனால், 'ஐயோ, தரையிலா!' என்று பதறுவார்கள். விருந்தாளியாக வந்தவர் விருந்தாளியாகவே விமானம் ஏறுவார்.

இறங்கி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்தப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை வீரராக இந்தியா வந்த டேவிட் ஹார்ஸ்பரோ, பிற்பாடு மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலி பள்ளியில் ஆசிரியரானார். 1972இல் ஆந்திர எல்லையை ஒட்டிய கோலார் மாவட்டக் கிராமப் பகுதியில் நீல்பாக் என்ற சிறு பள்ளியைத் தொடங்கினார். சமஸ்கிருதம், தெலுங்கு, ஆங்கிலத்தோடு தச்சுவேலையும் கொத்துவேலையும் தையலும் அங்கே பாடம். அவரிடம் பயின்ற பத்மநாப ராவ், ரமா தம்பதி அந்தக் கற்பிக்கும் முறையை ரிஷிவேலியைச் சுற்றியிருந்த கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து அது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்தது. 2007இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் பரவியது. அந்த வகுப்பறைகளில் முதலில் மாறியது ஆசிரியரின் நாற்காலி. பாயில், பிள்ளைகளோடு பிள்ளையாக ஆசிரியரும் உட்கார்ந்தார். ஒரு வெளியூர்க்காரருக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கும் அமைந்த உறவு, நம் வீட்டுப் பிள்ளைகளின் வகுப்பறைவரை வந்துசேர்ந்திருக்கிறது.

காசில்லாமல் நடந்தவர்கள்

அணு ஆயுதத்தை எதிர்த்து 1962இல் சதீஷ் குமார், இ. பி. மேனன் என்ற இருவர் டில்லி ராஜ்காட்டிலிருந்து நடையாகப் புறப்பட்டார்கள். யோசனை பிறந்த இடம் பெங்களூர். வினோபா பாவே ஆசீர்வாதத்தோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்: கையில் காசு கொண்டுபோகக்கூடாது. காசிருந்தால் களைத்த வேளையில் விடுதிக்குப் போவீர்கள், மனிதர்களைத் தேடிப் போகமாட்டீர்கள் என்பது அதன் பொருள். பாகிஸ்தான் எல்லையில் வழியனுப்ப வந்த சிநேகிதி ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டியபோது சதீஷ் குமார் வாங்க மறுத்தார். கட்டுச்சோறு கொண்டுபோனால், அந்த நாட்டுக்காரர்கள் நமக்குச் சோறு போடுவார்கள் என்று நாம் நம்பவில்லை என்றாகிவிடும் என்றார். ஆப்கானிஸ்தான், ஈரான், ரஷ்யா, பிரான்ஸ் வழியாக நடந்து, கடலைக் கப்பலில் கடந்து, வாஷிங்டன்வரை போனார்கள். வழியெல்லாம் யாரோ ஒருவர் கதவைத் திறந்தார்.

எல்லோராலும் அப்படிப் போக முடியாது. தனியாகப் போகும் ஒரு பெண்ணிடம் அப்படிப் போ என்று நான் சொல்லமாட்டேன். கையில் காசு இருக்கட்டும், திரும்புவதற்கான டிக்கெட் இருக்கட்டும், தங்கும் இடத்தின் முகவரி வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். ஆனால் அந்த மனசு நமக்கும் வேண்டும். நான் பிரான்ஸில் இறங்கிய சாயங்காலம், பேருந்து நிலையத்துக்கு வருவதாக முகாம் நடத்தியவர்கள் சொன்ன வண்டி வரவில்லை. போன் எடுப்பாரில்லை. எதிரே ரொட்டிக்கடையை மூடிக்கொண்டிருந்த அம்மாள் என் கையிலிருந்த முகவரிச் சீட்டை வாங்கிப் பார்த்தார், மிச்சமிருந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தார், தன் காரிலேயே மலைமேல் கொண்டுவந்து விட்டார். மூன்று வாரமும் சனிக்கிழமை சந்தையில் நான் தேடிப்போய்ப் பார்த்த முகம் அவருடையது. வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் அவரை எனக்குத் தெரிந்தே இருக்காது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று விசா. தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து வேலை வாங்குவதைப் பல நாடுகள் வேலையாகவே பார்க்கின்றன, சுற்றுலா விசாவில் அதைச் செய்யப் போய் விமான நிலையத்திலிருந்தே திரும்பியவர்கள் உண்டு. பிரிட்டனுக்குப் பார்வையாளராகப் போகிறவர் பதிவுபெற்ற அறக்கட்டளையில் 30 நாள்வரை தொண்டு செய்யலாம். நாட்டுக்கு நாடு விதி வேறு. தூதரகத்தின் விதியைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இன்னொன்று அதைவிட முக்கியம். அனாதை இல்லங்களில் இரண்டு வாரம் குழந்தைகளோடு விளையாடும் 'தொண்டு'க்குப் பணம் வாங்கிக்கொண்டு அழைப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். கம்போடியாவிலும் நேபாளத்திலும் பெற்றோர் உயிரோடு இருக்கும் குழந்தைகளையே இல்லங்களில் சேர்த்து வெளிநாட்டவரிடம் காசு பார்த்த கொடுமை வெளியானது. 2018இல் ஆஸ்திரேலியா இதை நவீன அடிமைத்தனம் என்றே அங்கீகரித்தது. பணக் கொடுமை இல்லாத இடத்திலும் இது தப்புதான். பெரியவர்களான நமக்குப் பிரிவு ஒரு பேருந்துப் பயணத்தோடு ஆறிவிடும். மாதத்துக்கு இரண்டு புது அக்கா, இரண்டு பிரிவு என்று வளரும் பிள்ளைக்கு அது ஆறாது. சிநேகம் தேடிப் போகிறவர் தனக்குச் சமமாக நின்று சண்டை போடக்கூடிய, வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆட்களிடம்தான் தேட வேண்டும். கல் கட்டுங்கள், மரம் நடுங்கள், சமையலறையில் நில்லுங்கள்.

மலைமேல் ஒரு வாரம்

கடல் தாண்ட வசதியில்லாதவர்களுக்கு, தாண்டும் முன் தன்னைப் பழக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு, எங்கள் திருமலையே இருக்கிறது. 2000இல் சிறிய அளவில் தொடங்கிய ஸ்ரீவாரி சேவையில் இன்று தென்னிந்தியா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து ஒரு வாரம் தொண்டு செய்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களுக்குப் பாலும் தண்ணீரும் கொடுப்பது, வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் பரிமாறுவது, பூத் தொடுப்பது, காய் நறுக்குவது என்று வேலைக்குக் குறைவில்லை.

பிரான்ஸிலிருந்து வந்த மறுவருடம் நானும் போனேன். காய் நறுக்கும் கூடத்தில் மலைமலையாகப் பூசணி. எனக்கு ஒரு பக்கம் ராய்ச்சூர்க்கார அம்மாள், இன்னொரு பக்கம் விஜயவாடாவில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற அம்மாள். ராய்ச்சூர் அம்மாளுக்குக் கன்னடம் மட்டும்தான். பூசணித் துண்டை அவர் ஒரே அளவில் வெட்டித் தள்ளும் வேகத்தைப் பார்த்து, எப்படி என்று ஜாடையில் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். மலையிலும் எனக்கு அதே பாடம்தான் நடந்தது. கடைசி நாள் பஸ் ஏறும்போது அவர் தன் முந்தானையில் முடிந்துவைத்திருந்த கல்கண்டை என் கையில் வைத்து அழுத்தினார்.

கொடுக்கப் போய் வாங்கிக்கொள்ளும் அந்தப் பாடம் மார்கரெட் கசின்ஸுக்கும் நடந்தது. 1940களில் அவர் பக்கவாதத்தில் விழுந்தார். எழுந்து நடமாட முடியாத அந்த நாட்களில், அவருடைய தொண்டுக்கு நன்றியாகச் சென்னை அரசாங்கம் பண உதவி செய்தது. பின்னர் பிரதமர் நேருவும் உதவினார். கொடுக்க வந்தவர் கடைசியில் இந்த நாட்டின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். 1954இல் சென்னையில் காலமானார். ஜேம்ஸ் 1956இல் மதனப்பள்ளியிலேயே கண்ணை மூடினார்.

அடுத்த ஜனவரியில் அந்தப் போலந்துப் பெண் பாலசமுத்திரத்துக்கு வருகிறார். வீட்டில் இப்போதே நாற்காலி எங்கே போடுவது என்று பேச்சு நடக்கிறது. அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன், உங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊருக்கும் தனியாக யாராவது வந்து, ஏதாவது செய்யட்டுமா என்று தயங்கி நின்றால், நாற்காலியை எடுத்து உள்ளே வையுங்கள். பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, அரிவாள்மனையில் காலை எங்கே வைப்பது என்று காட்டிக்கொடுங்கள்.